நாய்க்கு வாங்கும் ஹெம்ப் எண்ணெயும் எங்கள் கருப்பட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில் தொண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். வயதான நாய்க்கு மூட்டுவலிக்காக ஹெம்ப் என்ற செடியிலிருந்து எடுக்கும் எண்ணெயை வாங்கிக் கொடுத்து வந்தாராம். முதல் புட்டி தேன் நிறத்தில் இருந்ததாம், அடுத்தது கரும்பச்சையாக வந்ததாம், வாடையும் வேறாம், ஆகவே இதெல்லாம் போலிச் சரக்கு, ஆன்லைனில் விற்பதையே தடை செய்யுங்கள் என்று முடித்திருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. நானும் அதே கோபத்தில் ஒரு புட்டியைக் கொண்டுபோய் முள்மரத்தடியில் கொட்டியவள்தான். ஆனால் அவர் சொல்லும் காரணம் தவறு. அதை நம்பி இன்னும் நாலு பேர் நல்ல எண்ணெயைக் கொட்டிவிடக் கூடாது, நிறம் நன்றாக இருக்கிறதே என்று கெட்டுப்போன எண்ணெயை வாயில்லா ஜீவனுக்கு ஊற்றிவிடவும் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நரிப்பையூர்க்காரி. எங்களுக்குப் பனைத்தொழில். வீட்டுக்காரர் மரம் ஏறுகிறார், நான் விடிலி என்கிற ஓலைக் குடிசையில் உட்கார்ந்து பதநீர் காய்ச்சுகிறேன், இது 22வது வருடம். முன்பெல்லாம் கருப்பட்டியைச் சாயல்குடி வியாபாரியிடம் மொத்தமாகப் போட்டுவிடுவோம். இப்போது சில வருடமாக மகள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் பிடிக்கிறாள், சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் வரைக்கும் பார்சல் போகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும். மணி எங்கள் விடிலி நாய். குட்டியாக வந்து ஓலைக்குவியலில் படுத்தவன், இப்போது 11 வயது. இவர் எந்தப் பனையில் ஏறினாலும் அதன் தூரில் படுத்துக் கிடப்பான், இறங்கி அடுத்த மரத்துக்கு நடந்தால் கூடவே நடப்பான். 2 வருடத்துக்கு முன் அவனுக்குப் பின்னங்கால் பிடித்துக்கொண்டது. காலையில் எழும்பும்போது முன்னங்காலை ஊன்றி, இடுப்பை மணலில் இழுத்து, இரண்டு மூன்று தரம் முயன்று அப்புறம்தான் நிற்பான். நின்ற பிறகும் ஒரு நிமிடம் அப்படியே அசையாமல் நிற்பான், வலி அடங்குவதற்குக் காத்திருப்பதுபோல. பார்க்கச் சகிக்காது.

கால்நடை மருத்துவர் இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்றார். வலி மாத்திரை கொடுத்தார், நன்றாகவே கேட்டது, ஆனால் சில மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருப்பது தெரிந்ததால் மாத்திரையைக் குறைக்க வேண்டியதாயிற்று. (இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நமக்குப் போடும் வலி மாத்திரையை நாய்க்கு உடைத்துக் கொடுக்கும் பழக்கம் எங்கள் ஊரில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம், உயிருக்கே ஆபத்து.) அப்போதுதான் அவர் ஹெம்ப் எண்ணெய் பற்றிச் சொன்னார். இது மருந்துக்குப் பதில் அல்ல, துணைக்கு வைத்துப் பார்க்கலாம், 2018ல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் மூட்டுத் தேய்மானம் உள்ள சில நாய்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் சிபிடி (அந்த எண்ணெயில் உள்ள, போதை தராத மருந்துச் சரக்கு), 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்துப் பார்த்ததில் வலி குறைந்து நடமாட்டம் கூடியிருக்கிறது, ஆனால் ஈரல் சம்பந்தப்பட்ட ஓர் அளவும் ரத்தத்தில் ஏறியிருக்கிறது, அதனால் நம் இஷ்டத்துக்கு ஊற்றாமல் நடுவில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே போக வேண்டும் என்றார். சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

ஹெம்ப் என்றால் நம் பக்கத்தில் இரண்டு குழப்பம் வருகிறது. சணல் என்று மொழிபெயர்த்து விடுகிறார்கள், உடனே ஆட்கள் சாக்குச் சணலையும் வயலில் தழை உரத்துக்கு விதைக்கும் சணப்பையும் நினைத்துக்கொள்கிறார்கள். இது இரண்டுமே வேறு செடி. ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியின் இனத்திலேயே போதைச் சரக்கு மிகக் குறைவாக உள்ள வகை. கஞ்சா என்ற பேரைக் கேட்டதும் இரண்டாவது குழப்பம், அது எங்கள் கடற்கரையில் சும்மா இல்லை. மண்டபம், பாம்பன், வேதாளை என்று கள்ளத்தோணியில் இலங்கைக்குக் கடத்தப் போன மூட்டைகள் பிடிபட்ட செய்தி உங்கள் பத்திரிகையிலேயே எத்தனை தடவை வருகிறது. பார்சல் கொண்டுவந்த பையன் அட்டையில் இருந்த இலைப் படத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை மகள்தான் எடுத்துச் சொன்னாள். 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா என்பது பூத்த அல்லது காய்த்த நுனிதான், நுனி சேராத இலையும் விதையும் அந்தக் கணக்கில் வராது. ஆயுர்வேதத்தில் விஜயா என்று சொல்வது இந்தச் செடியைத்தான். உத்தரகாண்டில் 2018லிருந்து உரிமம் கொடுத்துப் பயிர் செய்கிறார்கள், போதை தரும் டிஎச்சி 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு. 2021 நவம்பரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் விதையையும் விதை எண்ணெயையும் விதை மாவையும் உணவுப் பொருளாகவே ஏற்றுக்கொண்டது. ஆக, சீட்டோடு உரிமம் உள்ள இடத்தில் வாங்குகிறவர் பயந்து ஒளிய வேண்டியதில்லை.

சரி, புட்டிக்கு வருகிறேன். முதல் புட்டி தேன் நிறம். மூடியைத் திறந்தால் எலுமிச்சைத் தோலைக் கிள்ளினது மாதிரியும் மிளகு இடித்தது மாதிரியும் ஒரு வாடை. சூடை மீன் அவித்த சோற்றில் அளந்து விட்டுப் பிசைந்து வைத்தேன், மணி தட்டை நக்கிவிட்டுத்தான் விட்டான். ஒரு மாதத்தில் இடுப்பை இழுப்பது குறைந்தது, முழுதாகப் போகவில்லை, ஆனால் மூன்று தரம் முயன்றவன் ஒரு தரத்தில் எழுந்தான். இரண்டாவது புட்டி வந்தது. முருங்கைக்கீரையை அரைத்துப் பிழிந்த சாறு மாதிரி கரும்பச்சை, வாடையும் மழையில் நனைந்த வைக்கோல் வாடை. மணி ஒரு தரம் முகர்ந்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் ஓலை நிழலில் படுத்துவிட்டான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. 1,800 ரூபாய். கம்பெனிக்கு போன் போட்டால் எடுக்கவில்லை, மெசேஜ் போட்டால் “இது இயற்கையான வேறுபாடு, கவலை வேண்டாம்” என்று ஒரே வரி. ஏமாற்றிவிட்டு இப்படி ஒரு பதிலா என்று, அன்று சாயந்தரமே கொட்டிவிட்டேன்.

அதே வாரத்தில் சென்னையிலிருந்து எங்கள் வாடிக்கையாளர் அக்கா ஒருவர் கருப்பட்டியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். “போன தடவை பொன் மாதிரி இருந்தது, இப்போது கறுப்பாக இருக்கிறதே, என்ன கலந்தீங்க?” என்று. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. 22 வருடத்தில் ஒரு கைப்பிடி சீனி என் சட்டிக்குள் விழுந்தது கிடையாது. அவருக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான், இதே கேள்வியை நான் இன்னொருவரிடம் கேட்டுவிட்டு, பதிலை நம்பாமல் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

கருப்பட்டி ஏன் நிறம் மாறுகிறது என்பது காய்ச்சுகிறவளுக்குத்தான் தெரியும். பங்குனியில் இறக்கும் பதநீர் வேறு, ஆனிக் காற்றில் இறக்குவது வேறு. ஆண் பனைச் சாறும் பெண் பனைச் சாறும் நாக்குக்கே வித்தியாசம் தெரியும். கலயத்தில் தடவும் சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கலாகப் போனால் கருப்பட்டி கறுக்கும், குறைந்தால் பதநீர் புளிப்பேறி எவ்வளவு காய்ச்சினாலும் இறுகாது, பிசுபிசு என்றே நிற்கும். ஓலை எரித்தால் தீ சீறிக்கொண்டு எழும், உடனே அடங்கும், கருவேல விறகு போட்டால் நின்று எரியும். பொங்கி வரும்போது ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டு அடக்குவோம், அப்புறம் பாகு முற்றும் நேரம் இருக்கிறதே, அதில் ஒரு கொதி முன்னால் இறக்கினால் பொன்னிறம், ஒரு கொதி தாண்டினால் காப்பி நிறம். சிரட்டையில் ஊற்றும்போதே எனக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு இருட்டாகத்தான் வரப்போகிறது என்று. அப்புறம் மழை ஈரம் பட்டால் கசியும், புகைமேல் பரண் போட்டு வைத்தால் புகை வாடை ஏறும். இத்தனையும் ஒரே மரத்தடியில், ஒரே கையால் செய்வது. வருடம் முழுக்க ஒரே நிறத்தில், ஒரே இனிப்பில், தட்டினால் கணீர் என்று இருக்கும் கருப்பட்டி வேண்டுமென்றால் அதற்கு ஒரு வழிதான் உண்டு, சீனியைக் கலப்பது. அந்த வழியில் எத்தனை பேர் போய்விட்டார்கள் என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் எல்லோரும் திருடர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வாங்குகிறவர்கள் நிறம் மாறக்கூடாது, நிறம் மாறக்கூடாது என்று கேட்டுக் கேட்டே அதில் பாதிப்பேரை அங்கே தள்ளினார்கள். ஹெம்ப் எண்ணெயிலும் அதுவே நடந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

மகள் பி.பார்ம் படித்தவள். அன்று இரவு அவளிடம் கேட்டேன், ஒரு இலையிலிருந்து எடுக்கும் எண்ணெய் ஒரு தடவை பொன்னாகவும் ஒரு தடவை பச்சையாகவும் எப்படி வரும் என்று. அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். எண்ணெயில் இறங்கும் பச்சை நிறம் இலையின் பச்சையம்தான், அதில் மருந்தும் இல்லை, விஷமும் இல்லை. சாராயத்தில், அதாவது எத்தனாலில், ஊறவைத்துச் சாறு இறக்கினால் பச்சையமும் மெழுகும் சேர்ந்தே இறங்கும், எண்ணெய் கரும்பச்சையாகும். அதையே எத்தனாலை நன்றாகக் குளிரவைத்துச் செய்தால் பச்சை குறைவாக இறங்கும். கார்பன் டை ஆக்சைடு வாயுவை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பிரித்தால் பெரும்பாலும் பொன்னிறம், பழுப்புப் பொன்னிறம். இன்னும் ஒரு படி போய் வாலை வடித்தால், அதாவது ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிரித்தால், வெளிர் மஞ்சளாகவே வந்துவிடும், ஆனால் வாசனையும் கூடவே போய்விடும். இலையில் இருக்கும்போது சிபிடி அமில வடிவில் இருக்குமாம், அதைச் சூடு காட்டித்தான் மாற்றுகிறார்கள், அந்தச் சூடு கொஞ்சம் கூடினாலும் நிறம் இருளும். என் பாகுச் சட்டிதான், வேறென்ன.

அப்புறம் பச்சை தானாகவே மாறவும் செய்யும். கீரையை மூடிவைத்து வேகவிடாதே, பச்சை போய்விடும் என்று அம்மா சொல்வார், புளி ஊற்றிக் கடைந்தால் அது பழுப்புப் பச்சையாகிவிடுவதும் நமக்குத் தெரியும். சூடும் புளிப்பும் பட்டால் பச்சையத்துக்குள் இருக்கும் மக்னீசியம் கழன்றுவிடுகிறது, அதனால்தான் அந்த நிறமாம். எண்ணெய்க்குள் இருக்கும் பச்சையமும் வெயிலும் சூடும் பட்டால் அப்படித்தான் மங்கும். இது தவிர, சாறு எந்த எண்ணெயில் கலந்திருக்கிறது என்பது இருக்கிறது. தேங்காயிலிருந்து பிரித்த எம்சிடி எண்ணெய் தண்ணீர் மாதிரி தெளிவு, சுத்திகரிக்காத ஹெம்ப் விதை எண்ணெய் தானே பச்சை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சிலது மங்கலாகிக் கலங்கும், சாற்றில் இருக்கும் மெழுகு திரளுவது அது, மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதைப் பார்த்துப் பயப்படாத நாம் இதற்கும் பயப்பட வேண்டாம்.

வாசனைக்கு வேறு கணக்கு. டெர்பீன் என்று ஒரு கூட்டம், செடிகள் எல்லாவற்றிலும் இருப்பது, காற்றில் சீக்கிரம் பறந்துபோவது. எலுமிச்சைத் தோலில் மணக்கும் லிமோனீன், மிளகிலும் கிராம்பிலும் இருக்கும் காரியோபிலின், மல்லி விதைக்கு மணம் கொடுக்கும் லினலூல், மாங்காயிலும் எலுமிச்சைப் புல்லிலும் இருக்கும் மிர்சீன், இவையெல்லாமே ஹெம்ப் இலையிலும் இருக்கின்றன. எந்த ரகம், எந்த மண், மழை பெய்ததா, பூக்கும் முன்னால் அறுத்தார்களா பின்னால் அறுத்தார்களா, நிழலில் காயவைத்தார்களா வெயிலில் காயவைத்தார்களா என்பதைப் பொறுத்து ஒன்று தூக்கும், ஒன்று அடங்கும். எங்கள் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்த மிளகாயையே எடுங்கள், பனி பட்டுக் காய்ந்தது ஒரு நிறம், நல்ல வெயிலில் காய்ந்தது ஒரு நிறம், வியாபாரி கையில் அள்ளி முகர்ந்தே தரம் பிரிக்கிறார். இது விளைபொருள். என்னுடைய முதல் புட்டியில் எலுமிச்சையும் மிளகும் தூக்கலாக இருந்தது, இரண்டாவதில் அவை அடங்கிப் பச்சையத்தின் வைக்கோல் வாடை மேலே வந்துவிட்டது, அவ்வளவுதான் நடந்தது.

நிறத்தைப் பார்த்து வீரியத்தைச் சொல்லவே முடியாது என்பதையும் அவள்தான் சொன்னாள். கறுப்பாக இருந்தால் கெட்டி, வெளுப்பாக இருந்தால் தண்ணீர் கலந்தது என்று நாம் கருப்பட்டியையும் கடலை எண்ணெயையும் பார்த்தே பழகியிருக்கிறோம், இங்கே அது செல்லாது. கரும்பச்சையில் பச்சையம் நிறைய இருக்கும், சிபிடி குறைவாக இருக்கலாம், வெளிர் மஞ்சளில் சிபிடி நிறைய இருக்கலாம். அதனால் சொட்டுக் கணக்கு உதவாது, ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் அளக்க வேண்டும். எழுதியிருப்பதையும் அப்படியே நம்ப முடியாது என்பது வேறு விஷயம். 2017ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஓர் ஆய்வில், மனிதர்களுக்கு என்று இணையத்தில் விற்ற 84 சிபிடி சரக்குகளை வாங்கிச் சோதித்ததில் 26ல் மட்டும்தான் சொன்ன அளவுக்கு ஒட்டி இருந்தது. மீதியில் கூட, அல்லது குறைய. சிலதில் டிஎச்சியும் இருந்தது. நாய்க்கு அதுதான் ஆபத்து. தள்ளாடும், எச்சில் ஒழுகும், நின்ற இடத்திலேயே சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போகும், சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடும். அப்படிப் பார்த்தால் யோசிக்காமல் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும், என்ன கொடுத்தோம் என்பதை மறைக்கக் கூடாது.

ஆக, கேட்க வேண்டியது ஆய்வுச் சான்று. புட்டியின் அடியில் பேட்ச் எண் பொடியாக அச்சடித்திருக்கும். கொட்டின புட்டியைக் குப்பையிலிருந்து எடுத்து அந்த எண்ணைப் படித்து, இதற்கான சான்றை அனுப்புங்கள் என்று மகள் கேட்டாள். நாலு நாள் கழித்து ஒரு காகிதம் வந்தது, அதில் வேறு எண். முந்தின வருடத்துச் சான்று. மறுபடி கேட்டாள், மறுபடி அதே காகிதம். மூன்றாவது தடவை, பணத்தைத் திருப்புங்கள் என்று எழுதின பிறகுதான் சரியான சான்று வந்தது. அதைப் பார்த்தால் எண்ணெய் நல்ல எண்ணெய். சிபிடி அளவு சரி, டிஎச்சி வரம்புக்குள், பூச்சிமருந்து மிச்சமும் ஈயம் மாதிரி உலோகமும் பார்த்திருக்கிறார்கள், சாராயத்தில் சாறு இறக்கியது என்றும் போட்டிருக்கிறது. இதை முதல் நாளே அனுப்பியிருந்தால் நான் கொட்டியிருக்க மாட்டேன். மணிக்கு ஒரு மாதத்து எண்ணெய் வீணாகியிருக்காது. அந்த மாதம் அவன் மறுபடி இடுப்பை இழுத்துக்கொண்டு நடந்ததை நான் பார்த்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது புட்டிதான் கதையின் முக்கியமான இடம். தேன் நிறம், அப்படியே முதல் புட்டி மாதிரி. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். திறந்தேன். பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்தது மாதிரி ஒரு வாடை, அடியில் மட்டமான மீனெண்ணெய் வீச்சம். விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் தொண்டையில் காறல் பிடித்தது. வைகாசி மாதம், பார்சல் 9 நாள் எங்கேயோ தகரக் கொட்டகைக்குள் கிடந்து வந்திருக்கிறது. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் கலந்திருக்கும் எண்ணெயையும் மாற்றியிருக்கிறார்கள். முதலில் எம்சிடி, இப்போது ஹெம்ப் விதை எண்ணெய். விதை எண்ணெயில் முக்கால் பங்குக்கு மேல் சீக்கிரம் கெடும் வகைக் கொழுப்பு, நல்லதுதான், ஆனால் சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் தாங்காது. எம்சிடி அவ்வளவு சீக்கிரம் கெடாது. கம்பெனிக்கு எழுதினேன். வந்த பதில் என்ன தெரியுமா? “இது இயற்கையான வேறுபாடு, கவலை வேண்டாம்.” எழுத்துக்கு எழுத்து அதே வரி.

நல்ல எண்ணெய்க்கும் அந்த வரி, கெட்ட எண்ணெய்க்கும் அந்த வரி. தொண்டி வாசகருக்குக் கோபம் வந்ததில் என்ன ஆச்சரியம்? நிறமும் வாசனையும் இயற்கையாகவே மாறும் என்பது உண்மை, அந்த உண்மையை இப்படித் துடைக்கும் துணி மாதிரி எல்லாவற்றின்மேலும் போட்டுத் துடைத்தால் யார் நம்புவார்கள்? சென்னை அக்காவுக்கு நான் அப்படி ஒரு வரி அனுப்பியிருந்தால் அவர் மறுபடி வாங்கியிருக்கவே மாட்டார். நான் சட்டியையும் விறகையும் படம் எடுத்து அனுப்பினேன், எந்த மாதத்துப் பதநீர், ஏன் கறுத்தது என்று சொன்னேன், உடைத்து ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், சுண்ணாம்பு கடித்தால் திருப்பி அனுப்புங்கள் என்றும் சொன்னேன். இன்றைக்கும் வாங்குகிறார்.

வித்தியாசமான வாடையையும் கெட்ட வாடையையும் பிரிப்பது கஷ்டம் இல்லை, நம் சமையலறை மூக்கே போதும். புல், வைக்கோல், மண், மிளகு, எலுமிச்சை, தைலம், இவையெல்லாம் செடியின் வாடை. பெயிண்ட், பழைய மெழுகுப் பென்சில், சிக்குப் பிடித்த எண்ணெய்ப் பாத்திரம், புளித்த வாடை, தொண்டையில் காறல், இவை வந்தால் கொடுக்கவே கூடாது. நாய் முகத்தைத் திருப்புவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், என் அனுபவம் அது. அவற்றின் மூக்கு நம்முடையதைவிட எத்தனையோ மடங்கு கூர்மை, பழகாத வாடை எதுவாக இருந்தாலும் ஒதுங்கும். நல்ல எண்ணெயையும் மணி ஒதுக்கினான், கெட்ட எண்ணெயையும் ஒதுக்கினான். புதுப் புட்டி வந்தால் பழையதோடு பாதிப் பாதியாகக் கலந்து ஒரு வாரம் பழக்கினால் எடுத்துக்கொள்கிறான். புட்டியை ஓட்டு வீட்டு ஜன்னலோரத்திலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையடியிலோ வைக்காதீர்கள், எங்கள் கரையின் வெயிலுக்கு அது அடுப்பில் வைப்பதற்குச் சமம். நான் அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கிறேன். பூனைக்கும் இதே எண்ணெயை ஊற்றலாமா என்று பக்கத்து வீட்டு அத்தாச்சி கேட்டார், வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார், பூனையின் ஈரலுக்கு இந்த வாசனைச் சரக்குகளைக் கழிக்கும் சக்தி குறைவாம், அதற்கென்று தனியாகப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை, நம்மைப்போலக் கோபப்படுகிறவர்களுக்காகக் கம்பெனிகள் நிறத்தைச் சரிசெய்ய ஆரம்பித்துவிடுவார்கள் என்பது. கரியில் வடிகட்டி நிறத்தை எடுத்துவிடலாம், வாசனையை எடுத்துவிட்டுக் கோழிக்கறி வாசனையைச் சேர்க்கலாம், இனிப்புச் சேர்க்கலாம். சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்குக் கொடிய விஷம் என்பது தெரியாமல் சேர்த்துவிட்டால் என்ன ஆவது? எப்போதும் ஒரே நிறத்தில் இருக்கிற, ஒரே வாசனை அடிக்கிற எண்ணெயைப் பார்த்தால் இனிமேல் நான் சந்தோஷப்பட மாட்டேன், இதில் என்ன எடுத்தீர்கள், என்ன சேர்த்தீர்கள் என்று கேட்பேன். வெளிர் நிறம் என்பதாலேயே தப்பு என்று சொல்லவில்லை, வடித்து எடுத்தால் அப்படித்தான் வரும், அதைச் சொல்லிவிட்டால் போதும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இலை அறுத்த மாதமும், சாறு எடுத்த விதமும், எந்த எண்ணெயில் கலந்தது என்பதும் அட்டையில் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் இருக்கட்டும், தமிழிலும் இருக்கட்டும். கலக்கும் எண்ணெயை மாற்றினால் முன்பக்கத்திலேயே சொல்லட்டும். நிறமும் வாசனையும் மாறும், காறல் வாடை அடித்தால் கொடுக்காதீர்கள் என்று ஒரு வரி போடட்டும், அந்த ஒரு வரி இருந்திருந்தால் தொண்டி வாசகர் உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டார். பேட்ச் எண்ணைப் போட்டால் அந்தப் புட்டியின் சான்று உடனே போனில் வரவேண்டும், மூன்று தடவை கெஞ்சி வாங்கக் கூடாது. வெயில் மாதத்தில் விதை எண்ணெய்ச் சரக்கை எப்படி அனுப்புவது என்று அவர்கள்தான் யோசிக்க வேண்டும், நாங்கள் சித்திரையில் கருப்பட்டி அனுப்பும்போது ஓலைக் கொட்டானில் வைத்துக் கட்டி அனுப்புகிறோம், உருகாமல் போய்ச் சேர்கிறது. கால்நடைத் துறை ஊர் ஊராக முகாம் போடும்போது தடுப்பூசியோடு இந்த எண்ணெயைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசினால் நல்லது, ஏனென்றால் வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ள இடம்தான் இல்லை.

தொண்டி வாசகருக்கு: உங்கள் கரும்பச்சைப் புட்டி இன்னும் இருந்தால் கொட்டாதீர்கள். அடியில் உள்ள பேட்ச் எண்ணை எழுதி அனுப்பிச் சான்று கேளுங்கள், எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், மூடியைத் திறந்து காறல் இருக்கிறதா என்று முகருங்கள். தர மறுத்தால் அப்போது கோபப்படுங்கள், நானும் சேர்ந்து எழுதுகிறேன்.

மணிக்கு இப்போது வேறு இடத்தில் வாங்கின நாலாவது புட்டி ஓடுகிறது. பழுப்புப் பச்சை, மல்லி வறுத்தது மாதிரி ஒரு வாடை. சான்று பார்சலுக்குள்ளேயே மடித்து வைத்திருந்தார்கள், மகள் பேட்ச் எண்ணை ஒத்துப் பார்த்த பிறகுதான் மூடியைத் திறந்தோம். முதல் மூன்று நாள் சோற்றைச் சுற்றிச் சுற்றி வந்தான், நாலாம் நாள் சாப்பிட்டான். இன்று காலையில் இவர் கலயத்தை எடுத்ததும் எழுந்து நின்று கூடவே போனான், மூன்றாவது பனை வரைக்கும்.

இப்படிக்கு,
நரிப்பையூர் வாசகி ஒருவர்,
ராமநாதபுரம் மாவட்டம்.